அமைதிக்கு எதிராக 34 ஓட்டு

2016 டிசம்பர் 19 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ‘அமைதிக்கான உரிமை பற்றிய பிரகடனம்’ ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 131, எதிர்ப்பு 34, எந்தப் பக்கமும் சேராமல் விலகி நின்றவை 19. பிரகடனம் நிறைவேறியது.

அமைதிக்கு எதிராக யார் ஓட்டுப் போடுவார்கள் என்று கேட்கத் தோன்றும். போட்டவர்களில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி எல்லாம் உண்டு. ஜப்பானும் உண்டு. உலக மக்கள் எல்லோருக்கும் அமைதியாக வாழும் உரிமை இருக்கிறது என்று தன் அரசியலமைப்பின் முகவுரையிலேயே எழுதிவைத்திருக்கும் நாடு அது.

எங்காவது போர் மூண்டால் ‘அமைதி ஒரு மனித உரிமை, ஐ.நா.வே ஒப்புக்கொண்டிருக்கிறது’ என்ற வாசகம் உடனே சுற்ற ஆரம்பிக்கும். ‘அப்படியென்றால் ஏன் யாரும் தடுக்கவில்லை?’ என்ற கேள்வியும் பின்னாலேயே வரும். வாசகம் பாதி உண்மை. கேள்விக்குப் பதில் அந்த மீதிப் பாதியில் இருக்கிறது.

உரிமை என்று எதைச் சொல்கிறோம்?

பேச்சு வழக்கில் நமக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய எதையும் உரிமை என்கிறோம். சட்டத்தில் அது போதாது. ஒன்றைச் சட்ட உரிமை என்று சொல்ல வேண்டுமானால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

1. உரிமை யாருடையது? தனி ஆளுடையதா, ஒரு மக்கள் கூட்டத்துடையதா, அரசுடையதா?
2. அதற்குக் கடமைப்பட்டவர் யார்? என் அரசா, என்மேல் குண்டு போடும் அடுத்த நாட்டு அரசா, ஆயுதக் குழுவா?
3. மீறினால் எந்தக் கதவைத் தட்டுவது?

சித்திரவதைக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை எடுத்துக்கொண்டால் மூன்றுக்கும் தெளிவான பதில் இருக்கிறது. அமைதி விஷயத்தில் முதல் கேள்வியிலேயே தடுமாற்றம் ஆரம்பிக்கிறது.

இன்னொரு வேறுபாட்டையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உடன்படிக்கை என்பது நாடுகள் கையெழுத்திட்டு, பிறகு முறைப்படி ஏற்றுக்கொண்டு, அதற்குக் கட்டுப்படுவது. பிரகடனம் என்பது பொதுச்சபையின் கருத்து. அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் அதுமட்டுமே யாரையும் கட்டுப்படுத்தாது. ஒரு பிரகடனத்தை நாடுகள் ஒருமித்து ஏற்று, சட்டக் கடமை என்று கருதி நெடுங்காலம் பின்பற்றினால் அது வழக்காற்றுச் சட்டமாக வலுப்பெறலாம். 34 எதிர்ப்போடு தொடங்கும் ஒன்றுக்கு அந்தப் பாதை மிகவும் செங்குத்தானது.

போரைத் தடுக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. 1928இல் கெல்லாக்–பிரியாண்ட் ஒப்பந்தம், தேசியக் கொள்கைக்கான கருவியாகப் போரைப் பயன்படுத்துவதை நாடுகள் கைவிடுவதாகச் சொன்னது. 1945இன் ஐ.நா. சாசனம் பிரிவு 2(4) இன்னும் ஒரு படி மேலே போய், பலப்பிரயோகத்தையும் பலப்பிரயோக மிரட்டலையும் தடைசெய்தது. விதிவிலக்குகள் இரண்டுதான்: பிரிவு 51 சொல்லும் தற்காப்பு, அப்புறம் பாதுகாப்புச் சபை கொடுக்கும் அனுமதி.

ஆனால் இது அரசுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. இரண்டு நில உரிமையாளர்கள் வரப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரப்பு வெட்டப்பட்டால் வழக்குப் போடும் உரிமை அந்த இருவருக்குத்தான். வயலில் கூலிக்கு நடவு செய்தவரின் இழப்பு அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

காங்கோ ஜனநாயகக் குடியரசில் இது எப்படி இருந்தது என்று பாருங்கள். 1998இல் தொடங்கிய போரில் உகாண்டா ராணுவம் அந்த நாட்டுக்குள் புகுந்திருந்தது. காங்கோ வழக்குத் தொடுத்தது. உகாண்டா பலப்பிரயோகத் தடையை மீறியது என்று 2005 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுத் தொகை முடிவாக மேலும் 16 ஆண்டுகளுக்குமேல் ஆனது. 2022 பிப்ரவரியில் 32.5 கோடி டாலர் என்று நிர்ணயித்தார்கள், ஐந்து தவணைகளில். அந்தப் பணம் ஒரு கருவூலத்திலிருந்து இன்னொரு கருவூலத்துக்குப் போகிறது. காங்கோவின் கிசங்கானி நகரில் வீட்டை இழந்தவர் அந்த வழக்கில் கட்சிக்காரர் அல்ல. வழக்கு அவரைப் பற்றியதுதான், ஆனாலும் அவருடையது அல்ல.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ‘அமைதி மனித உரிமையாக வேண்டும்’ என்ற வாதம் எழுந்தது.

மனித உரிமை ஆவணங்களில் அமைதி

1948இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் அமைதிக்கென்று தனிப் பிரிவு கிடையாது. பிரிவு 3 உயிர், சுதந்திரம், பாதுகாப்பு பற்றிப் பேசுகிறது. பிரிவு 28, இந்த உரிமைகளெல்லாம் முழுமையாக நிறைவேறக்கூடிய சமூக, சர்வதேச ஒழுங்கு ஒன்றுக்கு எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. அமைதி உரிமையின் ஆதரவாளர்கள் பிடித்துக்கொள்ளும் கொம்பு அது.

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு உடன்படிக்கை நாடுகளைக் கட்டுப்படுத்துவது. அதில் இரண்டு பிரிவுகள் நமக்கு வேண்டும்.

பிரிவு 20(1): போருக்கான பிரசாரம் சட்டத்தால் தடைசெய்யப்பட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நார்டிக் நாடுகள் எல்லாம் பேச்சுச் சுதந்திரத்தைக் காரணம் காட்டி ‘இது எங்களுக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டன. இலங்கை நேர்மாறாக 2007இல் இந்த உடன்படிக்கையின் ஆங்கிலச் சுருக்கப் பெயரிலேயே ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 3ஆம் பிரிவு, போரைப் பரப்புவதையும் இன, மத வெறுப்பைத் தூண்டுவதையும் குற்றமாக்கியது. உள்நாட்டுப் போர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டு அது. பின்னாளில், 2019இல், அதே சட்டத்தின் கீழ் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளர் கைதானார். அமைதிக்காக எழுதப்படும் சட்டம் யார்மேல் பாயும் என்பதை அதன் வாசகத்தை மட்டும் படித்துச் சொல்லிவிட முடியாது.

பிரிவு 6: உயிர் வாழும் உரிமை. போர்க்களத்தில் இது பெரிதாகப் பேசியதில்லை. எதிரிச் சிப்பாயைக் கொல்வதைப் போர்ச் சட்டமே அனுமதிப்பதால், எந்தக் கொலை முறையற்றது என்பதைப் போர்ச் சட்டத்தைக் கொண்டே பார்க்க வேண்டும் என்று 1996இல் அணு ஆயுதங்கள் பற்றிய ஆலோசனைக் கருத்தில் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. 2018இல், இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு, பிரிவு 6ஐ விளக்கும் தன் 36ஆவது பொதுக் கருத்துரையில் ஒரு வரி சேர்த்தது: ஆக்கிரமிப்பில் ஈடுபட்டு அதனால் உயிர்ப் பறிப்புக்குக் காரணமாகும் அரசு, அந்தச் செயலாலேயே பிரிவு 6ஐ மீறுகிறது.

ஒரே வரிதான், ஆனால் கனமான வரி. முன்பெல்லாம் ‘குண்டு எங்கே விழுந்தது, யார்மேல் விழுந்தது’ என்பதே கேள்வி. இப்போது ‘இந்தப் போரே தொடங்கியிருக்க வேண்டுமா’ என்பதும் மனித உரிமைக் கேள்வியாகிவிட்டது. இதை நீட்டிப் பார்த்தால், ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்ற சிப்பாயின் சாவையும் உரிமை மீறலாக வாதிட இடம் இருக்கிறது. 2016 பிரகடனத்தைவிட இந்த வரிக்குத்தான் பல் அதிகம் என்பது என் கணிப்பு.

பனிப்போர்க் கறை

1977இல் காரெல் வாசக் என்ற சட்ட அறிஞர் மனித உரிமைகளை மூன்று தலைமுறைகளாகப் பிரித்தார். முதலாவது குடிமை, அரசியல் உரிமைகள். அடுத்தது வேலை, கல்வி போன்ற பொருளாதார, சமூக உரிமைகள். மூன்றாவது எந்த நாடும் தனியாகத் தர முடியாத கூட்டு உரிமைகள்: வளர்ச்சி, சுற்றுச்சூழல், அமைதி. 1978இல் பொதுச்சபை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு மனிதருக்கும் ‘அமைதியில் வாழும் உள்ளார்ந்த உரிமை’ உண்டென்று ஒரு தீர்மானத்தில் சொன்னது. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

1984 நவம்பர் 12இல் வந்த ‘மக்களின் அமைதி உரிமை’ப் பிரகடனம்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. 92 ஆதரவு, எதிர்ப்பு இல்லை, 34 விலகல். முன்மொழிந்தது மங்கோலியா, பின்னால் நின்றது சோவியத் அணி. ஐரோப்பாவில் அமெரிக்க ஏவுகணைகளை நிறுவுவது பற்றிய சண்டை உச்சத்தில் இருந்த நேரம். மேற்கு நாடுகள் இதை ஒரு பிரசார உத்தியாகவே பார்த்தன. அவர்கள் அப்படிப் பார்த்ததில் அநியாயம் ஒன்றும் இல்லை. அமைதியைப் ‘புனித உரிமை’ என்று சொன்ன அந்தப் பிரகடனத்துக்கு ஓட்டுப் போட்ட சோவியத் யூனியனின் படைகள் அன்றைக்கு ஆப்கானிஸ்தானில் ஐந்தாவது ஆண்டாக நின்றுகொண்டிருந்தன.

2016: எதை வெட்டினார்கள்?

2012இல் ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தின் ஆலோசனைக் குழு ஒரு வரைவு கொடுத்தது. ஆயுதக் குறைப்பு, மனசாட்சியின்படி ராணுவச் சேவையை மறுக்கும் உரிமை, தனியார் ராணுவ நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு, ஒடுக்குமுறையை எதிர்க்கும் உரிமை, அகதிகள் என்று எல்லாமே அதில் இருந்தன. கோஸ்டா ரிகா தூதர் தலைமையிலான பணிக்குழு மூன்று அமர்வுகள் பேச்சு நடத்தி, ஒருமித்த கருத்து வரட்டும் என்று ஒவ்வொன்றாக வெட்டியது. கடைசியில் ஐந்தே பிரிவுகள் மிஞ்சின. முதல் பிரிவின் சாரம் இது: எல்லா மனித உரிமைகளும் காக்கப்பட்டு, வளர்ச்சி முழுமையாக நிறைவேறும் விதத்தில் அமைதியை அனுபவிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அமைதிக்கு உரிமை என்பது ‘அமைதியை அனுபவிக்கும் உரிமை’ ஆனது. அரசுகளுக்கு ‘வேண்டும்’ என்ற கட்டாயம் போய், ‘செய்வது நல்லது’ என்ற அளவுக்கு வினைச்சொற்கள் இளகின. கண்காணிக்க ஒரு குழுகூட அமைக்கப்படவில்லை.

இவ்வளவு வெட்டியும் ஒருமித்த கருத்து வரவில்லை. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களைச் சுருக்கினால்:

1. அமைதி என்பது உரிமைகள் மதிக்கப்படுவதால் வரும் விளைவு. அதையே தனி உரிமையாக்கச் சட்ட அடிப்படை இல்லை.
2. கடமைப்பட்டவர் யார் என்று தெளிவில்லை. ‘முதலில் அமைதி வரட்டும், உரிமைகள் அப்புறம்’ என்று சர்வாதிகாரிகள் சாக்குச் சொல்ல இது வழி விடும்.
3. போரும் அமைதியும் பாதுகாப்புச் சபையின் வேலை. மனித உரிமை அமைப்புகள் அதற்குள் வரக்கூடாது.

முதல் காரணத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதிடலாம். இரண்டாவதில் உண்மை இருக்கிறது. மூன்றாவதைத்தான் நான் உண்மையான காரணமாக எடுத்துக்கொள்வேன். பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ இருக்கிறது. உக்ரைன் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை 2022 பிப்ரவரி 25 அன்று ரஷ்யா தன் ஒற்றை ஓட்டால் வீழ்த்தியது. அமைதி தனிமனித உரிமையாகிவிட்டால் போரின் நியாயத்தை வீட்டோ செல்லாத இடங்களில், அதாவது நீதிமன்றங்களில், கேட்க வேண்டிவரும். அதை விரும்பும் வல்லரசு எதுவும் இல்லை. பிரகடனம் பொதுச்சபைக்குப் போகுமுன் 2016இல் மனித உரிமைகள் மன்றத்தில் ஓட்டுக்கு வந்தபோது ரஷ்யாவும் சீனாவும் ஆதரித்து ஓட்டளித்தன என்பது இங்கே பொருந்தாத மாதிரித் தெரியலாம். வெட்டிய பிறகு மிஞ்சிய ஐந்து பிரிவுகளால் தங்களுக்கு ஆபத்தில்லை என்று அவை கணக்குப் போட்டிருக்கும் என்பது என் ஊகம்.

நீதிமன்றத்துக்குப் போன அமைதி

பொதுச்சபையில் வானத்தைத் தொட்ட சொல், நீதிமன்றத்தில் மிகச் சின்ன விஷயங்களில் ஒட்டிக்கொண்டபோதுதான் வேலை செய்திருக்கிறது.

*நாகனுமா, 1973.* ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் நாகனுமா என்ற ஊர். அங்கே மலைக்காடு ஒன்று நீர்வளப் பாதுகாப்புக் காடாக அறிவிக்கப்பட்டிருந்தது. நைக்கி ஏவுகணைத் தளம் கட்டுவதற்காக 1969இல் வேளாண் அமைச்சர் அந்த அறிவிப்பை நீக்கினார். பொதுநலனுக்காக நீக்கலாம் என்று வனச் சட்டம் அனுமதித்தது. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். போர் வந்தால் முதல் குண்டு தளத்தின்மேல்தான் விழும், அது எங்கள் தலைமேலும் விழும் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. 1973 செப்டம்பரில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்றது. அமைதியாக வாழும் உரிமை ஆபத்துக்கு உள்ளாவதால் வழக்குத் தொடுக்க அவர்களுக்குத் தகுதி உண்டு. ராணுவமே, போரையும் படை வைத்திருப்பதையும் துறக்கும் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவுக்கு முரணானது, எனவே தளத்தைப் பொதுநலன் என்று சொல்ல முடியாது என்றது. 1976இல் மேல் நீதிமன்றம் இதைத் தள்ளியது. காட்டுக்குப் பதிலாக அரசு நீர்த்தடுப்பு வேலைகளைச் செய்துவிட்டதால் வழக்காட இனி நலன் எதுவும் இல்லை என்றது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

*நகோயா, 2008.* இராக் போரின்போது ஜப்பானின் வான் தற்காப்புப் படை, பன்னாட்டுப் படைகளின் ஆயுதம் தாங்கிய வீரர்களைக் குவைத்திலிருந்து பாக்தாதுக்கு விமானத்தில் ஏற்றிச் சென்றது. குடிமக்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஏப்ரல் 17 அன்று நகோயா உயர் நீதிமன்றம், இந்தப் பணி 9ஆம் பிரிவுக்கு முரணானது என்றும், அமைதியாக வாழும் உரிமை வழக்காடக்கூடிய திட்டவட்டமான உரிமை என்றும் சொன்னது. ஆனால் வழக்காடியவர்களின் உரிமை நேரடியாக மீறப்படவில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. தோற்றவர்கள் மேல்முறையீடு செய்யவில்லை. வென்ற அரசால் செய்ய முடியவில்லை. அரசுக்குப் பிடிக்காத அந்தக் கருத்து அப்படியே இறுதித் தீர்ப்பில் நிலைத்துவிட்டது. மறுநாள் நிருபர்கள் கேட்டபோது வான்படைத் தலைவர் அன்றைக்குப் பிரபலமாக இருந்த ஒரு நகைச்சுவை நடிகரின் வசனத்தை எடுத்துவிட்டார்: ‘அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லப்பா!’ விமானங்கள் அந்த ஆண்டு இறுதிவரை பறந்தன.

*சான் ஹொசே, 2004.* கோஸ்டா ரிகா 1948இல் ராணுவத்தைக் கலைத்த நாடு. பழைய பெய்யாவிஸ்தா படைமுகாம் இன்று தேசிய அருங்காட்சியகம். 2003இல் அந்த நாட்டு அரசு இராக் படையெடுப்புக்கு ஆதரவு தெரிவித்தது. படை அனுப்பவில்லை, அனுப்பப் படையும் இல்லை. வெள்ளை மாளிகை வெளியிட்ட ஆதரவு நாடுகள் பட்டியலில் பெயர் மட்டும் ஏறியது. ஒரு சட்டக் கல்லூரி மாணவர் நீதிமன்றத்துக்குப் போனார், வேறு சிலரும் சேர்ந்தார்கள். இந்த ஆதரவு நாட்டின் அரசியலமைப்புக்கும் ஐ.நா. முறைமைக்கும் எதிரானது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2004 செப்டம்பரில் தீர்ப்பளித்து, பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி உத்தரவிட்டது. பெயர் நீங்கியது. நான்கு ஆண்டு கழித்து அதே அமர்வு, யுரேனியம், தோரியம் எடுப்பதற்கும் அணு உலை தயாரிப்பதற்கும் இடம் கொடுத்த அரசாணை ஒன்றை அமைதி என்ற விழுமியத்தைக் காட்டி ரத்து செய்தது. ஆணை பிறந்தபோது அதிபராக இருந்தவர் ஆஸ்கர் அரியாஸ், 1987ஆம் ஆண்டின் அமைதி நோபல் பரிசு பெற்றவர்.

*பன்ஜுல்.* அமைதியை உரிமையாக எழுதிய கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்று உண்டு: 1981இல் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க மனித, மக்கள் உரிமைச் சாசனம், பிரிவு 23. நாம் மேலே பார்த்த அதே காங்கோ போர், இந்தச் சாசனத்தின் கீழ், காம்பியாவின் தலைநகர் பன்ஜுலைத் தலைமையிடமாகக் கொண்ட ஆணையத்துக்கும் போனது. புருண்டி, ருவாண்டா, உகாண்டா மூன்றும் பிரிவு 23 உள்ளிட்ட பல பிரிவுகளை மீறின என்று 2003இல் ஆணையம் முடிவு சொன்னது. இங்கா நீர்மின் நிலையம் முற்றுகையிடப்பட்டதையும் தனியாகக் கண்டித்தது. இழப்பீடு பாதிக்கப்பட்டவர்கள் சார்பாக வழங்கப்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தொகை எதுவும் சொல்லவில்லை.

நீதிமன்றத்துக்குப் போன முதல் மூன்றிலும் ஒரு பொதுத் தன்மை இருக்கிறது. ‘போரை நிறுத்து’ என்று எந்த நீதிமன்றமும் ஆணையிடவில்லை. ஒரு காட்டின் அறிவிப்பு, ஒரு விமானப் பயணம், ஒரு பட்டியலில் ஒரு பெயர் என்று தொட்டுக் காட்டக்கூடிய ஓர் அரசு முடிவு கையில் இருந்தபோதுதான் நீதிபதிகளால் பேச முடிந்தது.

உரிமையின் மறுபக்கம்

அமைதி உரிமையானால் எல்லோரும் ஒரே பக்கம் வந்துவிடுவார்கள் என்பதும் இல்லை. ஆப்பிரிக்கச் சாசனத்தின் அதே பிரிவு 23, அடைக்கலம் பெற்றவர்கள் தங்கள் சொந்த நாட்டுக்கு எதிரான கலகச் செயல்களில் ஈடுபடுவதை அரசுகள் தடுக்க வேண்டும் என்கிறது. எது கலகம் என்பதைச் சொல்லப்போவது அரசுதான்.

கொலம்பியா இன்னும் கடினமான உதாரணம். 1991 அரசியலமைப்பின் பிரிவு 22, ‘அமைதி ஓர் உரிமை, கட்டாயமாக நிறைவேற்ற வேண்டிய கடமை’ என்கிறது. 2016இல் ஃபார்க் கெரில்லாக்களுடன் அரசு ஒப்பந்தம் செய்தது. குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்பவர்களுக்குச் சிறைக்குப் பதில் இலகுவான தண்டனை என்பது அதன் முக்கிய அம்சம். அக்டோபர் 2 பொது வாக்கெடுப்பில் மக்கள் மிகச் சிறிய வித்தியாசத்தில் அதை நிராகரித்தார்கள். திருத்திய ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் நவம்பர் இறுதியில் ஏற்றது. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு நீதி கேட்கும் உரிமை உண்டு. அடுத்த ஊர்த் தாய்க்குத் தன் மகன் சாகாமல் இருக்கும் உரிமை உண்டு. பிரிவு 22 இரண்டாவது தாயின் பக்கம் எடை வைக்கிறது. முதல் தாய்க்கு அது நியாயமாகப் படாமல் போனால் அவரைக் குறைசொல்ல முடியாது.

ஒரு தனி ஆள் இன்று எங்கே போகலாம்?

இந்தியா 2016இல் மனித உரிமைகள் மன்றத்தில் அந்தப் பிரகடனத்தை ஆதரித்து ஓட்டளித்தது. நம் அரசியலமைப்பின் 51ஆம் பிரிவும் சர்வதேச அமைதியை வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது. அது வழிகாட்டு நெறி. 37ஆம் பிரிவின்படி அதை வைத்து நீதிமன்றத்தில் நேரடியாக அமல்படுத்தக் கோர முடியாது.

மிஞ்சுவது 36ஆவது பொதுக் கருத்துரை விளக்கிய அந்தப் பிரிவு 6. ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் ஒரு தனி ஆள் புகார் செய்ய வேண்டுமானால், சம்பந்தப்பட்ட நாடு 1966 உடன்படிக்கையின் முதல் விருப்ப நெறிமுறையில் சேர்ந்திருக்க வேண்டும். அமெரிக்கா சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை. ரஷ்யா சேர்ந்திருக்கிறது. இலங்கை 1997இல் சேர்ந்தது. ஆனால் 2006இல், குழுவின் முடிவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்க் கைதி கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, குடியரசுத் தலைவர் அந்த நெறிமுறையில் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழுவின் முடிவு அந்த நாட்டுக்குள் செல்லுபடியாகவில்லை.